பந்து சோறு போடுமா?

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பெண் குழந்தையைப் பெற்றவர்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"ஏனுங்க மாஸ்டர், இந்தப் பந்து நாளைக்கு எம் புள்ளைக்குச் சோறு போடுமுங்களா?"

இது கேலி செய்யத்தக்க கேள்வி அல்ல. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர் கேட்கிறார். சங்ககிரியில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, கடன் வாங்கிச் சொந்த லாரி போட்டவர் கேட்கிறார். வட்டிக்குப் பணம் எடுத்துக் கோழிப்பண்ணை வைத்தவர் கேட்கிறார். சோற்றின் விலை தெரிந்தவர்கள் இவர்கள். "விளையாட்டு உடம்புக்கு நல்லது" என்று மேடைப் பேச்சாகப் பதில் சொன்னால், "காட்டிலே களை எடுத்தாலும் உடம்புக்கு நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆகவே கணக்குப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தமிழ்நாட்டிலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது. அனிதா பால்துரை என்ற கூடைப்பந்து வீராங்கனையின் வாழ்க்கை அது.

பதினெட்டு ஆண்டுகள்

அனிதா 1985ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். 2000ஆம் ஆண்டு முதல் 2017 வரை இந்தியப் பெண்கள் அணிக்காக ஆடினார். பள்ளிக்கூடப் பிராயத்தில் அணிக்குள் நுழைந்தவர், ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகும் ஆடினார். 19ஆம் வயதில் அணியின் தலைவியானார். அவ்வளவு சின்ன வயதில் அதற்கு முன்பு யாரும் அந்தப் பொறுப்பை ஏற்றதில்லை. எட்டு ஆண்டுகள் அணியை நடத்தினார்.

ஆசியச் சாம்பியன் போட்டியில் தொடர்ந்து ஒன்பது முறை ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். தேசியப் போட்டிகளில் மட்டும் அவர் கழுத்தில் ஏறிய பதக்கங்கள் 30. 2012ஆம் ஆண்டு சீனாவில் நடந்த ஆசியக் கடற்கரை விளையாட்டிலும், 2013ஆம் ஆண்டு தோஹா நகரில் நடந்த ஆசியப் போட்டியிலும் மூவர் ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். இரண்டிலும் அனிதா இருந்தார்.

2017ஆம் ஆண்டு பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டம் நடந்தது. எதிரே கஜகஸ்தான். இந்தியா 75, கஜகஸ்தான் 73! இரண்டு புள்ளி என்றால் ஒரே ஒரு கூடை. அந்த ஒரு கூடை வித்தியாசத்தில் இந்தியா முதல் பிரிவுக்கு ஏறியது. பதினெட்டு ஆண்டுக் கால ஆட்டத்துக்கு நல்ல முடிவு அது.

நாடு அவரைத் திரும்பிப் பார்க்க நேரமாயிற்று. அர்ஜுனா விருது அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசி ஆட்டம் முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2021இல் பத்மஸ்ரீ விருது வந்தது. எட்டு ஆண்டுகள் நாட்டு அணிக்குத் தலைமை தாங்கியவரின் பெயர் நம் ஊரில் எத்தனை வீடுகளில் தெரியும்? கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் பெயரைக் கேட்டால் ஐந்து வயதுப் பையன் பதினொன்றையும் ஒப்பிப்பான்!

லீக் பணம் என்னும் கானல் நீர்

பெயரும் புகழும் இருக்கட்டும், சோற்றுக் கணக்குக்கு வருவோம்.

கூடைப்பந்து என்றதும் பலருக்கு அமெரிக்கா ஞாபகத்துக்கு வரும். ஆட்டம் பிறந்த மண் அது. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பழக் கூடை இரண்டை 10 அடி உயரத்தில் ஆணியடித்து மாட்டிப் பிள்ளைகளை ஆடவைத்தார். இன்றைக்கும் வளையத்தின் உயரம் அதே 10 அடிதான். கூடைக்கு வந்த மவுசுதான் ஏறிவிட்டது. அங்கே இந்த ஆட்டம் பெரும் வியாபாரம். பெண்களுக்கென்று தனி லீக் 1997 முதல் நடந்துவருகிறது.

இங்கே நிலைமை என்ன? 2015ஆம் ஆண்டு ஆண்களுக்கு ஒரு லீக் தொடங்கினார்கள். 'சென்னை ஸ்லாம்' என்று நமக்கும் ஓர் அணி இருந்தது. 2017க்குப் பிறகு அந்த லீக் நின்றுபோயிற்று. வேறு முயற்சிகள் பிறகும் வந்திருக்கின்றன. ஆனால் பெண்ணைப் பெற்றவர் நம்பிக் காலை ஊன்றும் அளவுக்கு எதுவும் வேர்விடவில்லை.

வெளிநாட்டுக்குப் போனவர்கள் கதையையும் பார்ப்போம். பஞ்சாப் கிராமத்திலிருந்து புறப்பட்ட சத்னம் சிங்கை 2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்தவருக்கு அப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்தது அதுவே முதல் தடவை. ஆனால் பெரிய லீக்கின் ஓர் ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை. கோட்டயத்துப் பெண் கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் தேர்வு முகாம்களுக்கும் சென்றார். அங்கே இடம் கிடைக்கவில்லை.

பிறகு கீதுவுக்குக் கை கொடுத்தது எது? அனிதாவுக்குக் கை கொடுத்த அதே இடம்தான். தெற்கு ரெயில்வே!

கால் காசு என்றாலும்...

"கால் காசு என்றாலும் கவர்மெண்டு காசு" என்பார்கள் பெரியவர்கள். நம் நாட்டில் கூடைப்பந்துப் பெண்களைக் காப்பாற்றியது லீக் முதலாளி அல்ல. ரெயில்வேயின் மாதச் சம்பளம்தான்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்க ரெயில்வே அவ்வப்போது விளம்பரம் செய்கிறது. தேசியப் போட்டிகளில் ஆடிய சான்றிதழ் வேண்டும். களத்தில் ஆடிக் காட்ட வேண்டும். இரண்டிலும் தேறினால் வேலை. ஆடும் காலத்தில் முகாமுக்கும் போட்டிக்கும் அனுமதி கிடைக்கும். முழங்கால் தேய்ந்து ஆட்டம் நின்ற பிறகு? நாற்காலி நிற்காது. சம்பளம் வரும், பதவி உயர்வும் வரும். தேசியப் போட்டியில் பெண்கள் கோப்பையை ரெயில்வே அணி ஆண்டுக்கு ஆண்டு தூக்கிக்கொண்டு போவதன் ரகசியம் இதுதான். வயிற்றுக் கவலை இல்லாதவள் பந்தைக் கவனிக்கிறாள்!

தாயான பிறகும் அனிதா களத்துக்குத் திரும்ப முடிந்ததற்கு அவருடைய மன உறுதி முதல் காரணம். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நிம்மதியும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம். தனியார் லீக்கில் ஓர் ஆண்டு ஆடாதவரை அடுத்த ஆண்டு யார் தேடுவார்கள்?

பெற்றோர் கவனிக்க வேண்டிய சங்கதி இன்னொன்றும் உண்டு. அதே விளையாட்டு ஒதுக்கீட்டில் பத்தாவது படித்தவளுக்கு ஒரு பதவி, பன்னிரண்டாவது முடித்தவளுக்கு அதைவிடப் பெரிய பதவி, பட்டம் பெற்றவளுக்கு இன்னும் பெரிய பதவி. அப்படியானால் புத்தகமும் பந்தும் சக்களத்திகள் அல்ல. ஒரே வீட்டில் குடியிருக்கும் அக்காள் தங்கைகள்!

நம் மண்ணின் கதை

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம்.

விளையாட்டுக்கு ஆகாத மண்ணா இது? ஓமலூருக்கு அருகே பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, 2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் கொண்டுவந்தார். சின்னப்பம்பட்டி நடராஜன் ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்காகப் பந்து வீசினார். இருவரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். நம் ஆண் பிள்ளைகள் உலக மேடை ஏறிவிட்டார்கள். நம் பெண் பிள்ளைகள் எங்கே?

எங்கே என்று நமக்குத் தெரியும். எட்டாவது வரை மைதானத்தில் ஓடுவாள். ஒன்பதாவதில் "வயசுக்கு வந்த புள்ள" என்று வீட்டில் ஒரு கட்டு. பத்தாவதில் "பரீட்சை வருது" என்று பள்ளியில் ஒரு கட்டு. பெயருக்கு டிரில் வகுப்பு கால அட்டவணையில் இருக்கும். அந்த மணியில் கணக்கு வாத்தியார் சாக்பீசுடன் உள்ளே வருவார்!

நாமக்கல் விடுதிப் பள்ளிகளின் மார்க்குப் புகழ் ஒரு காலத்தில் நாடறிந்தது. மாநிலத்தில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று சுவரொட்டி போட்டுப் பிள்ளை சேர்த்த காலம் அது. 2017ஆம் ஆண்டில் அரசு அந்த முதலிட அறிவிப்பை நிறுத்திவிட்டது. சுவரொட்டி போயிற்று. பிடுங்கிக்கொண்ட விளையாட்டு மணி பிள்ளைகளுக்குத் திரும்ப வந்ததா?

வேடிக்கை ஒன்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுத் தட்டில் வைக்கும் முட்டைக்குப் பேர்போன ஊர் நாமக்கல். உடம்பு வளர முட்டை கொடுக்கிறோம். வளர்ந்த உடம்பை ஓடவிட மாட்டோம் என்கிறோம்!

இன்னொரு கசப்பான உண்மையையும் மறைக்கக் கூடாது. பெண் சிசுவைக் காப்பாற்றத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ஆம் ஆண்டு முதன்முதலில் தொடங்கப்பட்டது நம் சேலத்தில்தான். பெண் பிறந்தால் பாரம் என்று நினைத்த காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். அந்த மண்ணில் ஒரு பெண் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடப்பது சாதாரணக் காரியம் அல்ல. அவளைத் தடுப்பதும் சாதாரணப் பாவம் அல்ல.

எல்லோரும் அனிதா ஆக முடியுமா?

"ஓர் அனிதாவைக் காட்டி ஊரையே மைதானத்துக்கு அழைக்கிறாயே, எல்லோருக்கும் ரெயில்வே வேலை கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

கிடைக்காது. பொய் சொல்லிப் பயன் இல்லை. ஒதுக்கீட்டு இடங்கள் கொஞ்சம், போட்டி அதிகம். மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடம் உண்டு. கல்லூரிச் சேர்க்கையில் தனி இடங்கள் உண்டு. எல்லாம் கூட்டினாலும் ஆடுகிற அத்தனை பேருக்கும் போதாது.

ஆனால் டாக்டர் படிப்புக்கு எழுதுகிற அத்தனை பேருக்கும் சீட்டுக் கிடைக்கிறதா? அதற்காக உயிரியல் பாடத்தை நாம் நிறுத்தினோமா? படிப்பில் நூறு பேரை ஓடவிட்டு ஐந்து பேர் ஜெயித்தால், மீதித் தொண்ணூற்றைந்து பேர் படித்தது வீண் என்று யாரும் சொல்வதில்லை. பந்து விஷயத்தில் மட்டும் ஏன் தராசு மாறுகிறது?

பந்தாடியவளுக்கு வேலை கிடைக்காவிட்டாலும் சில காரியங்கள் அவளிடம் தங்கும். தோற்ற மறுநாள் திரும்ப வந்து நிற்பாள். பஸ் ஏறி வெளியூர் போய்த் தனியாகத் திரும்பி வருவாள். நாலு பேர் நடுவில் குரல் கொடுத்து வேலை வாங்குவாள். எந்த மார்க்கு அட்டையிலும் இவற்றுக்கு இடம் இல்லை. வாழ்க்கையில் தினமும் இவை தேவைப்படுகின்றன.

நாலு சென்ட் போதும்

நாம் கேட்பது பெரிய விளையாட்டு அரங்கம் அல்ல. முழுக் கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நம் பாஷையில் சொன்னால் பத்து சென்ட் நிலத்துக்குச் சற்றுக் கூட. அதுவும் முடியாதா? மூவர் ஆட்டத்துக்கு 15 மீட்டரும் 11 மீட்டரும் போதும். ஏறக்குறைய நாலு சென்ட்! வளையம் ஒன்றே ஒன்று. பக்கத்துக்கு மூன்று பேர், மாற்று ஆள் ஒருவர். பத்து நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும். அனிதாவும் தோழிகளும் ஆசியாவில் தங்கம் வென்றது இந்தச் சின்ன ஆட்டத்தில்தான். டோக்கியோ முதல் ஒலிம்பிக்கிலும் இது இடம்பெற்றுவிட்டது.

ராசிபுரத்திலும், ஆத்தூரிலும், திருச்செங்கோட்டிலும், எடப்பாடியிலும் நாலு சென்ட் ஒதுக்க முடியாத உயர்நிலைப் பள்ளி எத்தனை இருக்கும்? லாரிக்குக் கூடு கட்டி நாடெங்கும் அனுப்புகிற நாமக்கல் பட்டறைக்காரர்களுக்கு ஓர் இரும்புக் கம்பமும் வளையமும் செய்வது ஒரு வேலையா?

களத்தோடு இரண்டு காரியங்கள் சேர வேண்டும். டிரில் மணியை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்கக் கூடாது. பெண்களுக்குப் பயிற்சி தரப் பெண் பயிற்சியாளர் வேண்டும். கூட ஒருத்தி இருக்கிறாள் என்றால் தாய்மார் தைரியமாக அனுப்புவார்கள். ஆடி ஓய்ந்த வீராங்கனைகள் நாட்டில் பலர் இருக்கிறார்கள். அவர்களை மாலை போட்டு அனுப்பிவிடாமல், சம்பளம் கொடுத்துப் பள்ளிகளுக்கு அழைக்க வேண்டும்.

2007இல் சேலம் ஒரு ரெயில்வே கோட்டத்தின் தலைநகரமாயிற்று. நாமக்கல்லுக்கு ரெயில் வந்ததே 2013இல்தான். அதற்காக எத்தனை ஆண்டுகள் மனுக் கொடுத்தோம்! அந்த ரெயிலில் டிக்கெட் எடுத்துப் போவதோடு நம் உறவு முடிந்துவிட வேண்டுமா? அந்த ரெயில்வேயின் பனியனைப் போட்டுக்கொண்டு நம் வீட்டுப் பெண்ணும் ஆட வேண்டாமா?

பந்து சோறு போடுமா என்று கேட்டவர்களுக்கு நம் பதில் இதுதான். சிலருக்குப் போடும், அனிதாவுக்குப் போட்டது. எல்லோருக்கும் போடும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் கையில் பந்தையே கொடுக்காமல் "இவளுக்கு வராது" என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்துக்குள் அந்த நாலு சென்ட்டை அளந்துவிடுங்கள், நிர்வாகிகளே!