முகப்பூச்சும் பொய்ப்பூச்சும்

விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே வழக்கு எழும்போதெல்லாம் விற்பவன் சார்பில் ஒரே வாதம் முன்வைக்கப்படுகின்றது: "நாங்கள் எவரையும் வற்புறுத்தவில்லை. விரும்பியவர்கள் வாங்குகிறார்கள். ஆராய்ந்து வாங்குவது வாங்குவோரின் பொறுப்பு." நியாயம் போல ஒலிக்கும் இந்த வாதத்தை, தோலை வெளுக்கவைப்பதாகக் கூறி விற்கப்படும் முகப்பூச்சுகளின் வியாபாரத்தோடு பொருத்திப் பார்க்க விரும்புகிறோம். அழகுப் பூச்சுகளைப் பற்றி எழுதுவது இலக்கிய ஏட்டின் கௌரவத்துக்குக் குறைவு என்று கருதும் நண்பர்களும் இருக்கலாம். ஒரு மனிதப் பிறவி தன் சொந்தத் தோலைக் கண்டு வெட்கப்படும்படி செய்யப்படுவது இலக்கியத்துக்குரிய விஷயமில்லையென்றால், வேறெதுதான் அதற்குரிய விஷயம் என்று அவர்களைக் கேட்கிறோம்.

1975 இல் இந்தியாவில் ஹிந்துஸ்தான் லீவர் கொம்பனி 'ஃபெயார் அன்ட் லவ்லி' என்னும் பூச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வெண்மையும் வனப்பும் என்பதே அப்பெயரின் பொருள். இரண்டையும் ஒன்றாகப் பிணைத்த அந்தப் பெயரிலேயே வியாபாரத் தந்திரம் முழுவதும் அடங்கியிருந்தது. வெண்மையில்லாதவளுக்கு வனப்பில்லை என்று எங்கும் எழுதவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. பெயரே அதைச் சொல்லிற்று.

அந்தப் பூச்சில் உண்மையாக இருந்தது என்ன? ஞாயிற்றின் ஊதாக்கடந்த கதிர்களைத் தடுக்கும் பொருள்களும், பி3 உயிர்ச்சத்தின் ஒரு வடிவமான நயாசினமைட்டும் அதில் சேர்க்கப்பட்டன. முன்னவை வெயிலால் தோல் மேலும் கறுப்பதைத் தடுக்கும். பின்னது நிறப்பொருள் மேற்றோலின் கலங்களுக்குச் செல்வதை ஓரளவு குறைக்கும். இவ்வளவையும் இவ்வளவாகவே சொல்லி விற்றிருந்தால் எமக்கு வழக்கேயில்லை. மனிதர் எல்லோரது தோலிலும் நிறப்பொருளை ஆக்கும் கலங்களின் தொகை ஏறத்தாழ ஒன்றே என்பதும், அவை ஆக்கும் நிறப்பொருளின் அளவிலும் தன்மையிலும் பரவலிலுமே வேறுபாடு உள்ளதென்பதும் விஞ்ஞானம் தெளிவாகக் கூறும் உண்மைகள். ஆனால், உண்மையை அளந்து சொன்னால் இலாபம் குவியாது. ஆகவே விற்கப்பட்டது பூச்சு அன்று. உத்தியோகமும் கலியாணமும் தகப்பனின் அன்புமே விற்கப்பட்டன.

இது எமது கற்பனை அன்று. தனக்கொரு மகனிருந்தால் உழைத்துத் தந்திருப்பானே என ஏங்கும் வறிய தகப்பன். அதைக் கேட்டு மனம் நொந்த கருநிற மகள். பூச்சைப் பூசி நிறம் மாறியதும் அவளுக்கு விமானப் பணிப்பெண் உத்தியோகம். இப்படியொரு விளம்பரம் இந்தியத் தொலைக்காட்சியில் ஓடிற்று. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் அதை எதிர்த்துக் கிளம்பியது. மனித உரிமை ஆணைக்குழுவரை முறையிட்டது. 2003 இல் அந்த விளம்பரம் திரையினின்றும் அகன்றது. அந்தக் கதையில் வேலையில்லாத் திண்டாட்டத்துக்கும், பெண்ணென்றால் சுமையென்னும் எண்ணத்துக்கும் காரணம் சமுதாயமன்று, அந்தப் பெண்ணின் தோல்! இதைவிடப் பெரிய பொய்யை எந்த இரசாயனசாலையும் உற்பத்தி செய்ததில்லை.

2020 மே மாதத்தில் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபுளொயிட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸ்காரனின் முழங்காலின் கீழ் உயிரிழந்தார். உலகெங்கும் நிறவெறிக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்தனர். யூன் மாத இறுதியில் 'ஃபெயார்' என்ற சொல்லை நீக்கப்போவதாகக் கொம்பனி அறிவித்தது. யூலைத் தொடக்கத்தில் 'குளோ அன்ட் லவ்லி' என்ற புதுப்பெயர் வெளிவந்தது. வெண்மை போய் ஒளிர்வு வந்தது. நாம் கேட்கிறோம்: ஒரு வாரத்தில் மாற்றக்கூடிய பெயரை மாற்ற 45 ஆண்டுகள் ஏன் சென்றன? மக்கள் வீதிக்கு வரும்வரை அவர்களின் மனச்சாட்சி எங்கே உறங்கியது? போராட்டம் அசைத்த அளவுக்கே வியாபாரம் அசைகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெரிய கொம்பனியின் பொய் மனத்தைக் கெடுக்கின்றது. அது உண்டாக்கிய ஆசையின் நிழலில் நடக்கும் சிறு வியாபாரமோ உடலையே கெடுக்கின்றது. விரைவில் வெளுக்கவைக்கப் பாதரச உப்புகளைக் கலந்த பூச்சுகளும் சவர்க்காரங்களும் பல நாடுகளின் சந்தைகளிற் பிடிபட்டுள்ளன. பாதரசம் நிறப்பொருள் உண்டாவதைத் தடுப்பது உண்மையே. ஆனால், அது தோலினூடே உட்புகுந்து சிறுநீரகத்தைச் சிதைக்கும், நரம்புகளைத் தாக்கும். தாய் பூசுவது குழந்தையையும் தீண்டும். வைத்தியர் சீட்டில்லாது பூசக்கூடாத ஸ்டீரொயிட் மருந்துகளைக் கலப்போரும் உண்டு. அவை தோலை மெலியச்செய்யும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும்.

பாதரசத்தை ஆலைக்கழிவாகக் கடலில் விட்டு மீனவ மக்களை முடமாக்கிய யப்பானிய ஊரின் பெயரால், 2013 இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2017 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட வெளுப்புப் பூச்சுகளின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் அவ்வுடன்படிக்கை 2020 ஐ எல்லையாக விதித்தது. 2023 இல் கூடிய உறுப்பு நாடுகள் அந்த ஒரு பங்குச் சலுகையையும் நீக்கி, 2025 உடன் பாதரசம் சேர்த்த அழகுப்பொருள் அனைத்துக்கும் முடிவு கட்டத் தீர்மானித்தன.

இப்போது அந்தப் பழைய வாதத்துக்கு வருவோம். பாதரசத்துக்கு மணமில்லை, பூச்சினுள் அதைக் கண்ணாற் காணவும் முடியாது. புட்டியில் அதன் பெயர் பெரும்பாலும் எழுதப்படுவதுமில்லை. எழுதினாலும் இரசாயனம் கற்றவருக்கே விளங்கும் பெயரில் இருக்கும். காலைமுதல் மாலைவரை தைத்துக் களைத்து விடுதிக்குத் திரும்பும் ஆடைத்தொழிற்சாலைப் பெண்ணைப் பார்த்து, "நீ ஆராய்ந்து வாங்கியிருக்க வேண்டும்" என்பது நீதியா? அறிவையும் ஆய்வுகூடத்தையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் மறுபக்கத்தின் தலையில் ஏற்றுவது நீதியாகாது. எவரிடம் அறியும் வலிமை உண்டோ, அவரிடமே பொறுப்பின் பெரும்பங்கும் உண்டு.

ஆயினும் இவ்வளவோடு பேனாவை வைத்துவிட்டால் நாமும் நேர்மையற்றவர்களாவோம். கொம்பனி வெறும் நிலத்தில் விதைக்கவில்லை. அதற்கு முன்பே உழுது வைத்தவர்கள் நாம். பிள்ளை பிறந்த வீட்டில் "என்ன நிறம்?" என்று முதலிற் கேட்டவர் விளம்பரகாரர் அல்லர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமகள் தேவைப் பகுதியில் 'சிவந்த நிறம்' என்று காசு கொடுத்து அச்சிடுவோர் படித்த குடும்பத்தினர். அவர்களில் எமது ஆசிரியத் தோழர்களும் உளர். பரிசளிப்பு விழாவில் வெள்ளைப் பிள்ளையை முன்வரிசையில் விருந்தினருக்கு மாலையிட நிறுத்தி, கறுத்தப் பிள்ளையைத் திரைக்குப் பின்னால் கோரஸ் பாட வைப்பது யார்? சமத்துவம் பேசும் எமது சிறுகதைகளிலேயே கதாநாயகி ஏன் எப்போதும் சிவந்த மேனியளாய் வருகிறாள்? கூலிக்காரியின் கருமையை உழைப்பின் சின்னமாகப் போற்றி எழுதிவிட்டு, எமது மகனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது அந்தப் போற்றுதலை வீட்டிலே விட்டுச் செல்கிறோம்.

வாங்குவோரின் பொறுப்பு என்று ஒன்று உண்டென்றால், அது இங்கேதான் தொடங்குகின்றது. தனியொருத்தி கடையில் நின்று சிட்டையைப் படிப்பதோடு அது முடிந்துவிடாது. அவளை அக்கடைக்குத் துரத்திய வெட்கத்தை ஒழிப்பதே கூட்டுப் பொறுப்பு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாங்குவோரை ஏமாற்றும் நடத்தையைத் தடைசெய்கின்றது. பாவனையாளர் சங்கங்கள் அமைவதை ஊக்குவிக்கவும் வழிசெய்கின்றது. அச்சட்டம் ஏட்டில் உறங்காதிருக்க, பாடசாலைதோறும் கிராமந்தோறும் அத்தகைய சங்கங்கள் எழவேண்டும். உள்ளடக்கமும் உற்பத்தியாளர் பெயரும் தாய்மொழியில் இல்லாத பூச்சை வாங்க மறுக்கவேண்டும். அதைக் கண்டவிடத்து முறையிடவும் வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் தோலின் நிறம் பற்றிய பாடத்தைப் பரீட்சைக்காக மட்டுமன்றி வாழ்க்கைக்காகவும் கற்பிக்கவேண்டும். மாணவத் தோழர்கள் தம் வீட்டு மண விளம்பரத்தினின்றும் அந்த ஒரு சொல்லை அடித்துவிடும் துணிவைப் பெறவேண்டும்.

மக்கள் வீதிக்கு வந்தபோது கொம்பனி தன் புட்டியிலிருந்து ஒரு சொல்லை நீக்கிற்று. எமது வீடுகளிலிருந்து அதே சொல்லை நீக்க நாம் யாருடைய போராட்டத்துக்காகக் காத்திருக்கிறோம்?