கையொப்பமும் கைப்பொருளும்

சென்ற தவணையில் ஒரு நாள், நாலடியாரிற் செல்வ நிலையாமை என்னும் அதிகாரத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவன் கைத்தொலைபேசியை மடியில் வைத்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தான். எழுப்பி நிறுத்தி, "வாசிப்பதை எல்லாருக்கும் கேட்க வாசி" என்றேன். அவன் தயங்காமல் வாசித்தான். அமெரிக்காவிலே, 2025ஆம் ஆண்டுத் தெரிவில் முதலாவதாகத் தெரியப்பட்ட காம் வோர்ட் என்னும் உதைபந்தாட்ட வீரர், தெனசி அணியோடு நான்கு ஆண்டுக்குக் கையொப்பமிட்டார். தொகை 4 கோடி 80 இலட்சம் டொலருக்கு மேல். வாசித்து முடித்தவன், "ஐயா, செல்வம் நிலையாது என்று பாடினவருக்கு இந்தச் செய்தி எட்டவில்லைப்போலும்" என்றான். வகுப்புச் சிரித்தது, நானுஞ் சிரித்தேன்.

சிரித்தபின் விடை ஒன்று சொல்ல வேண்டுமன்றோ? சொன்னேன். "இப்படிப்பட்ட இளைஞர் ஆடம்பரத்தில் மூழ்கிச் சில ஆண்டுகளில் ஓட்டாண்டி ஆவார்கள், பாட்டின் கருத்தும் அதுவே" என்றேன். மணி அடித்தது. விடை வகுப்புக்குத் திருப்தி தந்தது. எனக்குந் தந்தது என்பதை மறைக்கவில்லை.

அடுத்த மாதம் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு என் பழைய மாணாக்கர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். அங்கே கணக்காளராகத் தொழில்புரிபவர். இக்கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பண்டிதர் ஐயா, நீங்கள் அந்தப் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்துவிட்டீர்கள்" என்றார். திண்ணையில் இருந்து இரண்டு மாலை கணக்குப் போட்டுக் காட்டினார். பின்னர் நானும் தேடி வாசித்தேன். வகுப்பிலே நான் சொன்னதிற் பெரும்பகுதி தவறு என்பதை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலிற் பெயரைப்பற்றி ஒன்று. அந்நாட்டார் உதைபந்தாட்டம் என்பது நம் பிள்ளைகள் பாடசாலை மைதானத்தில் ஆடும் ஆட்டமன்று. அங்கே பந்தைக் காலால் உதைத்தல் அருமை. கையில் ஏந்தி ஓடுதலும், எறிதலும், ஓடுபவனை மோதி வீழ்த்துதலுமே பெரும்பான்மை. அந்த ஆட்டத்தின் தேசிய லீக்கில் 32 கழகங்கள் உண்டு. ஆண்டுதோறும் இளவேனிலில் அவை பல்கலைக்கழக வீரரை ஏழு சுற்றுக்களில் முறைவைத்துத் தெரிந்தெடுக்கின்றன. கழகம் இளைஞனைத் தெரியலாம். தெரியப்பட்ட இளைஞன் கழகத்தைத் தெரியமுடியாது. 2025இல் இவ்வாறு தெரியப்பட்டோர் 257 பேர். பத்திரிகைகள் கொட்டை எழுத்திற் போடுவது முதல்வனின் தொகையை. ஏனைய 256 பேரும், தெரியப்படாமலே பின்கதவால் நுழையும் நூற்றுக்கணக்கானோரும் எதிற் கையொப்பமிடுகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை.

தெரியப்பட்டவனுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம், தெரியப்படாதவனுக்கு மூன்று. 'நான்கு ஆண்டு ஒப்பந்தம்' என்றால் இரு திறத்தாரையும் நான்கு ஆண்டு கட்டுவது என்றே தமிழறிந்த எவரும் பொருள்கொள்வர். அங்கே அப்படியன்று. அவ்வொப்பந்தத்தின் பொதுப்படிவத்தில் ஒரு விதி உண்டு. அவ்விடத்துக்குப் போட்டியிடும் ஏனை வீரரோடு ஒப்பிட இவனது திறமை போதாது என்று கழகம் தன் தனித்தீர்ப்பிற் கருதினால், எந்நேரமும் ஒப்பந்தத்தை முடித்துவிடலாம் என்பது அதன் கருத்து. இளைஞனோ நான்கு ஆண்டும் வேறு கழகத்தை நாடமுடியாது. ஆகவே நான்கு ஆண்டு என்பது அவனைக் கட்டிய கயிற்றின் நீளம். கழகத்தின் கையில் அக்கயிற்றை அறுக்கும் கத்தியும் உண்டு.

இதனாலேதான் அந்நாட்டார் ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை விட்டு, 'உறுதிப்பட்ட' தொகை எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஓர் அடைமொழியின் பெறுமதி இதுதான் என்க. முதற் சுற்றினருக்கு இக்காலத்தில் நான்கு ஆண்டுச் சம்பளமும் உறுதி. இரண்டாஞ் சுற்றிலே முழுத்தொகையும் உறுதியாக்கிய ஒப்பந்தம் முதன்முதல் எழுதப்பட்டதே 2025ஆம் ஆண்டு மே மாதத்தில், ஹூஸ்டன் கழகத்தில். அதன்பின் அச்சுற்றின் 32 பேரிற் 30 பேர் தமக்கும் அவ்வாறே வேண்டுமென்று யூலைவரை கையொப்பமிடாதிருந்தனர். கடைச் சுற்றுக்களில் உறுதியாவது பெரும்பாலும் கையொப்பத்தன்று கொடுக்கப்படும் பணம் மட்டுமே. எஞ்சியதெல்லாம் ஏட்டுச்சுரைக்காய்.

கறிக்கு எப்போது உதவும்? செப்ரெம்பரில் ஆட்டப்பருவம் தொடங்கும்போது அணியில் இருந்தால் உதவும். கோடையில் ஒவ்வொரு கழகமும் 90 பேர்வரை வைத்துப் பயிற்றுகிறது. ஓகஸ்ட் இறுதியில் 53 பேரை வைத்துக்கொண்டு மற்றையோரை அனுப்பிவிடுகிறது. 32 கழகங்களிலும் சேர்த்து ஒருசில நாளில் வேலையிழப்போர் ஆயிரத்து நூறுக்கு மேல். அவருட் கழகத்துக்குப் பதினாறு பேரளவில் பயிற்சிக் குழுவில் மீள இடம்பெறுவர். அவர்களுக்கு 2025இல் வாரச் சம்பளம் 13,000 டொலர், இருக்கும் வாரத்துக்கு மட்டும். ஏனையோர் ஊருக்குப் போகவேண்டியதுதான். அந்த 90 பேருக்குள் நுழைந்த அன்று அவர்களுடைய ஊரில் வெடி கொளுத்தியிருப்பார்கள். மாமன் மச்சான் எல்லாரும் அந்த மொத்தத் தொகையைக் கூட்டிப்பார்த்திருப்பார்கள்.

அணியில் நிலைத்தவனின் கணக்கையே எடுப்போம். 2025இல் புதியவனின் குறைந்த சம்பளம் 840,000 டொலர். ஏழாஞ் சுற்றில் வந்தவன் ஏறக்குறைய இதையே பெறுவான். இத்தகைய வருமானத்தின் மேல்நுனிக்கு மத்திய அரசின் வரி நூற்றுக்கு 37. கழகம் கலிபோர்னியாவில் இருந்தால் மாநிலத்துக்கும் வரி உண்டு. ரெக்சாசிலோ புளோரிடாவிலோ இருந்தால் இல்லை. வெளிமாநிலத்துக்குப் போய் ஆடினால் அங்கே கழித்த நாளுக்கு அம்மாநிலம் வரி கேட்கும். முகவருக்கு நூற்றுக்கு மூன்றுவரை போகும். சமூகப் பாதுகாப்பு வரியும், வீரர் சங்கச் சந்தாவும் வேறு. என் மாணாக்கர் கலிபோர்னியா வீரன் ஒருவனை வைத்துக் கூட்டிக் கழித்தபோது ஏறக்குறையப் பாதி போய்விட்டது. எஞ்சியது நாலு இலட்சத்துச் சொச்சம் டொலர். பெருந்தொகைதான், நானும் எனது இளைப்பாற்றுச் சம்பளத்தை எண்ணிப் பெருமூச்சு விட்டேன். ஆனால் அவர் அடுத்ததாகக் கேட்டார்: "எத்தனை ஆண்டுக்கு, ஐயா?"

வீரர் சங்கத்தின் கணக்குப்படி ஒரு வீரன் அந்த லீக்கில் ஆடும் சராசரிக் காலம் மூன்றரை ஆண்டுக்கும் சற்றுக் குறைவு. லீக் நிருவாகம் இதை ஒப்புவதில்லை. முதற் பருவத் தொடக்கத்தில் அணியில் இடம்பிடித்தோரை மட்டும் எண்ணினால் ஆறு ஆண்டளவு வரும் என்பது அதன் வாதம். யார் கணக்குச் சரியாயினும், முப்பது வயதுக்கு முன்னே பலருக்கு அத்தொழில் முடிந்துவிடுகிறது என்பதில் ஐயமில்லை. முடிப்பது பெரும்பாலும் முழங்கால்.

அப்போதுதான் நாலடியாரின் வைப்புமுறை நினைவுக்கு வந்தது. செல்வ நிலையாமையை அடுத்து இளமை நிலையாமை. அதனை அடுத்து யாக்கை நிலையாமை. நான் முதல் அதிகாரத்தோடு நின்று மாணாக்கனுக்கு விடை சொல்லிவிட்டேன். அந்த ஒப்பந்தத்தை எழுதிய வழக்கறிஞர் மூன்றையும் பாடங்கேட்டவர்போலவே எழுதியிருக்கிறார். உடம்பு நிலையாது என்பது தெரிந்ததனாலேதான், உடம்பு நன்றாயிருக்கும் ஆண்டுகளைக் குறைந்த விலைக்குக் கட்டிப்போட்டுப் பிந்திய ஆண்டுகளை விலைபேசலுக்கு விட்டிருக்கிறார்கள்.

இது எப்போதும் இப்படி இருந்ததன்று. 2010இல் முதலாவதாகத் தெரியப்பட்ட சாம் பிராட்போட் ஆறு ஆண்டுக்கு 7 கோடி 80 இலட்சம் டொலருக்குக் கையொப்பமிட்டார்; அதில் 5 கோடி உறுதி. மறு ஆண்டில் அதே முதலிடத்தில் வந்த காம் நியூட்டன் பெற்றது நான்கு ஆண்டுக்கு 2 கோடி 20 இலட்சம். இடையில் நடந்தது ஓர் உடன்படிக்கை. கழக உரிமையாளரும் வீரர் சங்கமும் 2011 யூலை இறுதியிற் கூடிப் புதியவர் சம்பளத்துக்கு வரம்பு கட்டினர். நியூட்டன் தெரியப்பட்டதோ அவ்வாண்டு ஏப்ரிலில். 2020இல் எழுதிய உடன்படிக்கையும் அவ்வரம்பை 2030ஆம் பருவம்வரை நீட்டியது.

பழைய வீரரின் முறைப்பாட்டில் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு நாளும் களத்தில் இறங்காத இளைஞன், பத்து ஆண்டு எலும்பு முறிய ஆடியவனிலும் அதிகம் பெறுவதா என்று அவர்கள் கேட்டனர். 2007இல் முதலாவதாக வந்த யாமார்க்கஸ் ரசல் மூன்று பருவத்தில் ஓக்லன்ட் அணியால் விலக்கப்பட்டார். அதற்குள் அவர் பெற்ற கோடிகளை எடுத்துக்காட்டி வாதிட்டனர். ஆயினும் என் மனம் ஆறாதது ஒன்றிலே. எவருடைய கூலி குறைக்கப்பட்டதோ அவர்கள் அந்த மேசையில் இல்லை. 2030இல் கையொப்பமிடப்போகிறவன் 2020இல் ஆரம்பப் பாடசாலையில் இருந்த சிறுவனாதலுங் கூடும். அவனுக்காகப் பேசியவர் யார்?

இதன் விளைவைக் காட்ட ஒருவர் போதும். 2022ஆம் ஆண்டுத் தெரிவில் 262ஆவதாக, அதாவது எல்லார்க்குங் கடைசியாக, சான் பிரான்சிஸ்கோ கழகம் எடுத்த புறொக் பேர்டி என்பவர். கடைசியாக வருபவனுக்கு 'பொருட்டல்லாதவன்' என்று பட்டஞ் சூட்டி விருந்து வைப்பது அந்நாட்டு வழக்கம். அந்தப் பரிகாசம் எனக்கு உவப்பில்லை. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து அவர் ஒப்பந்தம் 37 இலட்சம் டொலரளவு. கையொப்பப் பணம் 77,000 டொலர். மூத்தோர் இருவர் காயமுற, பேர்டி களமிறங்கினார். 2023ஆம் பருவத்தில் அவரே அணியை வழிநடத்தி, 2024 பெப்ரவரியில் இறுதிப்போட்டிவரை கொண்டுசென்றார். அப்பருவத்தில் அவர் அடிப்படைச் சம்பளம் 870,000 டொலர். அதே பருவத் தொடக்கத்தில், அதே இடத்தில் ஆடும் யோ பரோ என்பவர் வேறு கழகத்தோடு ஆண்டுக்கு 5 கோடி 50 இலட்சம் வீதம் ஒப்பந்தஞ் செய்தார். கழகம் மனமிரங்கிக் கூட்டிக்கொடுக்க நினைத்தாலும் முடியாது. தெரியப்பட்டவனின் ஒப்பந்தத்தை மூன்று பருவம் முடியுமுன் திருத்தக்கூடாது என்பது விதி. பேர்டியின் உடம்பு தாங்கியது. 2025 மே மாதத்தில் ஐந்து ஆண்டுக்கு 26 கோடி 50 இலட்சத்துக்குக் கையொப்பமிட்டார். தாங்காதவனுடைய பெயரை நாம் கேள்விப்படமாட்டோம்.

இனி, நான் வகுப்பிற் சொன்ன ஓட்டாண்டிக் கதைக்கு வருகிறேன். 2009இல் அமெரிக்க விளையாட்டு வார இதழ் ஒன்று, ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுக்குள் நூற்றுக்கு 78 வீரர் வங்குரோத்தோ பண நெருக்கடியோ அடைகின்றனர் என்று எழுதியது. நான் அறியாமலே ஒப்புவித்தது இக்கணக்கைத்தான். 2015இற் பொருளியலறிஞர் சிலர் 1996 தொடக்கம் 2003 வரை தெரியப்பட்ட வீரரை நீதிமன்றப் பதிவுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஓய்வின்பின் பன்னிரண்டு ஆண்டுக்குள் வங்குரோத்து மனுச் செய்தோர் நூற்றுக்குப் பதினாறு பேரளவில். நெருக்கடி வேறு, வங்குரோத்து வேறு என்பது மெய்யே. பதினாறும் சிறிய எண்ணன்று. ஆனால் 78 என்னும் எண் உலகெலாம் பரந்ததும், 16 என்னும் எண் ஒரு கட்டுரையோடு அடங்கியதும் ஏன்? முன்னது நமக்கு இனிக்கிறது. நாலு எழுத்துப் படித்து அளவாய் உண்கின்ற நமக்கு, உடல்வலியாற் பொருளீட்டியவன் கெட்டான் என்று கேட்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. என் விடைக்குள் இருந்த அழுக்கு அது.

அவ்வாராய்ச்சியில் இன்னொன்றுங் கண்டனர். அதிகம் ஈட்டியவனையும் நெடுங்காலம் ஆடியவனையும் அந்தச் செல்வம் பெரிதாகக் காக்கவில்லை. ஆகவே சிக்கனம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. டிற்றோயிற் அணிக்கு 2012இல் இரண்டாஞ் சுற்றில் வந்த றையன் புறொயில்ஸ் என்பவர், மனைவியோடு ஆலோசித்து, ஆண்டுச் செலவை 60,000 டொலருக்குள் அடக்கி, மீதியைச் சேமித்தார் என்று 2015இற் செய்தி வந்தது. 2011, 2012, 2013 என அடுத்தடுத்து மூன்று கடுங்காயம். 2015இல் அணியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் தப்பியதற்குக் காரணம் ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஒருபோதும் நம்பாமையே. இருபத்துமூன்று வயதில் அந்தத் தெளிவு எத்தனை பேருக்கு வாய்க்கும்? எனக்கு அவ்வயதிற் கிடைத்த முதற் சம்பளத்தில் கடனுக்குக் கைக்கடிகாரம் வாங்கினேன்.

எனக்கு அன்று கைகொடுத்தது அறிவன்று. மறுமாதமுஞ் சம்பளம் வரும் என்ற நிச்சயம். அந்நாட்டு லீக் 1997 தொடக்கம் புதியவரைக் கூட்டிப் பணத்தைப்பற்றி உபதேசஞ் செய்தது. நல்ல காரியமே. ஆயினும், சிக்கனத்தை உபதேசிப்பவரும், எந்நேரமும் சம்பளத்தை நிறுத்தும் உரிமையைத் தம் கையில் வைத்திருப்பவரும் ஒரே மேடையில் இருப்பது எனக்குப் பொருத்தமாய்ப் படவில்லை. உபதேசத்தை ஒரு நாள் குறைத்து, கடைச் சுற்று இளைஞனுக்கு ஓர் ஆண்டுச் சம்பளத்தையேனும் உறுதியாக்கினால், அந்தப் பிள்ளை தானே கணக்குப் பழகிக்கொள்வான்.

பழைய மாணாக்கர் விமானமேறியபின், வகுப்பில் என் பிழையைச் சொன்னேன். பின்வாங்கு மாணாக்கனைக் கரும்பலகைக்கு அழைத்து, கழகத்தின் தனித்தீர்ப்பைப்பற்றிய அந்த விதியைத் தமிழில் எழுதச் சொன்னேன். அரைமணி நேரம் எழுதினான். இரண்டிடத்திற் சந்திப்பிழை இருந்தது, பொருட்பிழை இல்லை. எழுதி முடித்துத் தான் எழுதியதை இரண்டுமுறை வாசித்துப்பார்த்தான். பிறகு, "இதில் அவர்கள் ஏன் ஐயா கையொப்பமிடுகிறார்கள்?" என்று கேட்டான். கையொப்பமிடாவிட்டால் அந்த லீக்கில் ஆட முடியாது என்றேன்.