திரும்பி வருவதற்கும் நாள் குறிப்போம்

திங்கட்கிழமை, விடியற்காலை நாலரை மணி. திண்டுக்கல் நாகல்நகரில் எங்கள் வீட்டு வாசலில் 13 பேர் நிற்கிறோம். ஒரே வேனில் காசிவரை போய்வந்த குடும்பம். 15 நாள் அழுக்கும் அசதியும் உடம்பில் ஒட்டியிருக்கிறது. வீட்டுச் சாவியைக் காணோம்.

என் கைப்பையில் இல்லை. மனைவியின் பையில் இல்லை. தம்பி செல்போன் வெளிச்சத்தில் இருக்கைகளுக்கு அடியில் துழாவுகிறான். அக்கா இட்லிப்பொடி டப்பாவைக்கூடத் திறந்து பார்த்துவிட்டார். எல்லோரும் களைத்துச் சோர்ந்த நேரத்தில், வேனின் முன்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா மெல்ல இறங்கி வந்து இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தார். கறுத்துப் போன இரும்புச் சாவி உள்ளே இருந்தது.

“கெளம்புன அன்னைக்கே வாங்கி வச்சுட்டேனேய்யா. நீங்க ஒருத்தரும் கேக்கல.”

76 வயதில் அவர் மட்டும்தான் போன இடமெல்லாம் வீட்டையும் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். கங்கைக் கரையில் முழுகும்போதுகூட அந்தப் பையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் படியில் இறங்கினார். அதில் பணம் இருக்கிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

எங்கள் வாசலில் தொங்குவது மாங்காய்ப் பூட்டு. தாத்தா காலத்தில் உள்ளூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்தது. திண்டுக்கல்லிலும் நல்லாம்பட்டி போன்ற சுற்றூர்களிலும் கையால் செய்யும் பூட்டுகள் ஐம்பது வகைக்கு மேல் இருந்தன என்பார்கள். சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பூட்டு உண்டு. திருடனை ஏமாற்றும் பூட்டு உண்டு. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. ஆனால் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அலிகார் பூட்டின் விலைக்குக் கைவேலை ஈடுகொடுக்க முடியவில்லை. அன்று விடியலில் அந்தப் பூட்டு 'டக்'கென்று வாய்திறந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. ஊரைவிட்டே போகிறவன் கதவைப் பூட்டுவதில்லை. திரும்பி வருகிறவனுக்குத்தான் பூட்டு வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பூட்டுச் செய்த ஊரில் பிறந்த நாங்கள், திரும்பி வரும் வித்தையை மட்டும் எப்படி மறந்தோம்?

ஏனென்றால் அன்று நாங்கள் திரும்பி வந்த விதம் சரியில்லை.

எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் நெடுஞ்சாலைக்கு இன்று 44 என்று எண். 2010-ல் எண்களை மாற்றுவதற்கு முன் அது 7. அந்தப் பழைய 7, வாரணாசியில் தொடங்கி ஜபல்பூர், நாக்பூர், ஹைதராபாத், கர்னூல், பெங்களூரு, சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகக் கன்னியாகுமரிவரை 2,369 கிலோமீட்டர். சிறுவயதில் அப்பா அந்தச் சாலையைக் காட்டி, “இதுலயே நேரா போனா காசி” என்பார். அவர் போகவில்லை. அவருக்காகத்தான் இந்தப் பயணமே.

போவதற்கு 6 நாள் எடுத்துக்கொண்டோம். அவசரமே இல்லை. மரநிழல் கண்ட இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஜமக்காளம் விரித்து, கேஸ் அடுப்பை மூட்டி, குண்டானில் சோறு வடித்தோம். ஜபல்பூர் பக்கம் பேடாகாட்டில் பளிங்குப் பாறைகளுக்கு நடுவே நர்மதை பாய்வதைப் பார்த்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தோம். பிரயாகை, காசி, கயா என்று அங்கே 6 நாள். ஆனால் திரும்பியது மூன்றே நாளில். தம்பிக்குத் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். மச்சான் கடையைத் திறக்க வேண்டும். டிரைவர் தம்பிக்கு அடுத்த சவாரி காத்திருந்தது. இரண்டாவதாக ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு ராத்திரி பகலாக ஓட்டினோம். நாக்பூர் வெயிலில் ஜன்னல்களை மூடிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் தூங்கினோம். போகும்போது பாட்டாகவும் சண்டையாகவும் சிரிப்பாகவும் இருந்த வேன், வரும்போது வெறும் சுமை வண்டி ஆகிவிட்டது. ரங்கமலைக் கணவாயைக் கடந்தது எனக்குத் தெரியவில்லை. வேடசந்தூரின் நூல் ஆலை விளக்குகளைப் பார்த்ததாக மகள் மட்டும் சொன்னாள்.

குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு போவது நமக்குப் புதிதல்ல. சங்க காலத்து உமணர்கள் உப்பு மூட்டைகளோடு குழந்தை குட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள். பெரும்பாணாற்றுப்படையில் வரும் உமணப் பெண் கைக்குழந்தையோடு எருதுகளை ஓட்டுகிறாள். ஊறுகாய் என்று உரைகாரர் பொருள் சொல்லும் காடிப் பானை அவள் வண்டியில் தொங்குகிறது. சிறுபாணாற்றுப்படையில் உமணர் வளர்த்த குரங்கு, அவர்கள் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. வண்டியின் அச்சு வழியில் முறிந்தால் என்ன செய்வது என்று அவர்கள் மாற்று அச்சு ஒன்றைக் கீழே கட்டி வைத்திருப்பார்கள். அதன் பெயர் சேம அச்சு. புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். நம் வேனில் ஸ்டெப்னி டயர் இருப்பதுபோல. ஊறுகாய், பிள்ளைகள், மாற்றுச் சக்கரம்: இரண்டாயிரம் ஆண்டுகளில் குடும்பப் பயணத்தின் மூட்டை அதிகம் மாறிவிடவில்லை.

அந்த உமணர்கள் தங்கிவிட்டுப் போன இடத்தைப் பற்றிக் குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு. அவர்கள் கூடி இருந்துவிட்டுப் போனபின் அந்த இடம் பாழடைந்த ஊர்போலக் கிடக்கிறது என்று, பிரிவைப் பாடும் அந்தப் பாட்டில் ஒப்புமை வரும். கல்லூரியில் படித்தபோது அது எனக்கு வெறும் உவமை. அன்று காலை 7 மணிக்குத்தான் பொருள் புரிந்தது. சாமான்களை இறக்கிய கையோடு அக்கா குடும்பம் சின்னாளபட்டிக்குப் பஸ் ஏறிவிட்டது. தம்பி குடும்பம் காரில் கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டது. ஒருவருக்கொருவர் சரியாக விடைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. வேன் போய்விட்டது. முற்றத்தில் சுருட்டிய ஜமக்காளமும், அடிப்பிடித்த குண்டானும், ஜோடி இல்லாத ஒரு சிறுவர் செருப்பும். 15 நாள் தோளோடு தோள் இடித்துக் கிடந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் மறைந்துவிட்டார்கள்.

அம்மா குளித்துவிட்டு வந்து கங்கைச் செம்புகளைப் பூசையறையில் வரிசையாக வைத்தார். பிறகு சொன்னார்: “வண்டி நின்னுட்டா வீடு வந்துருச்சுன்னு அர்த்தமாய்யா? இன்னும் யாத்திர முடியல.”

அவர் சொன்னதற்குப் பழைய வழக்கம் சாட்சி. காசி யாத்திரை காசியில் முடிவதில்லை. முதலில் ராமேசுவரம் போய்க் கடலாடி, மணல் எடுத்து, அதைப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைக்க வேண்டும். கங்கை நீரைக் கொண்டுவந்து மறுபடி ராமேசுவரத்தில் ராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். அப்போதுதான் அது நிறைவு. இந்த முறையை வகுத்தவர்கள், திரும்பும் வழியையும் யாத்திரைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. அவர் சிறுமியாக இருந்தபோது கன்னிவாடிப் பக்கத்திலிருந்து பழனிக்குக் கூட்டு வண்டியில் போவார்களாம். திரும்பும்போது வண்டி நேரே வீட்டுக்கு வராது. ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலில் நிற்கும். மாடுகளை அவிழ்த்து முதலில் அவற்றுக்குத் தண்ணீர் காட்டுவார்கள். எல்லோரும் கண்மாயில் கைகால் கழுவி, பிள்ளையாருக்கு ஒரு சூடம் ஏற்றுவார்கள். அதற்குள் வீட்டுக்கு ஆள் போயிருக்கும். வாசலில் ஆரத்தித் தட்டு காத்திருக்கும். அன்று சாயங்காலம் தெருவில் ஒரு வீடு விடாமல் பஞ்சாமிர்தமும் திருநீறும் போகும். “போனவுங்க வந்துட்டாங்கன்னு ஊருக்கே தெரியும். போகாதவுங்களும் போயிட்டு வந்த மாதிரி இருக்கும்” என்றார்.

இந்த மண்ணில் அந்த வழக்கம் முற்றிலும் அழிந்துவிடவும் இல்லை. தைப்பூசத்துக்கு நத்தம் சாலை வழியாகத் திண்டுக்கல்லைக் கடந்து பழனிக்குப் போகும் பாதயாத்திரைக் கூட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலோர் திரும்பும்போது பஸ்ஸிலோ ரயிலிலோ போய்விடுகிறார்கள். ஆனால் செட்டிநாட்டிலிருந்து காவடி எடுத்து வரும் நகரத்தார், தைப்பூசம் முடிந்தபின் காவடியோடு நடந்தே ஊர் திரும்புகிறார்கள். வரும்போது இருந்த ஆரவாரம் அப்போது சாலையில் இருக்காது. பந்தல்கள் பிரிக்கப்பட்டிருக்கும், மோர் கொடுத்தவர்கள் போயிருப்பார்கள். ஆனாலும் நடக்கிறார்கள். அந்த வெறும் சாலையில் நடக்கும்போதுதான், பார்த்துவிட்டு வந்த முருகன் மனசுக்குள் இறங்கி உட்காருவான் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் ஊர் பேகம்பூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அவருடைய வாப்பா ஹஜ் முடித்துத் திரும்பிய வாரம் அந்த வீட்டில் கதவு சாத்தியே நான் பார்க்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு மிடறு ஜம்ஜம் தண்ணீர், இரண்டு பேரீச்சம்பழம். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அரபாத் மைதானத்தில் நின்ற நாளைப் புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். கங்கை நீரானாலும் ஜம்ஜம் நீரானாலும், போனவர் கொண்டுவந்ததைப் போகாதவர் கையில் ஊற்றும்போதுதான் பயணம் நிறைகிறது.

இதைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம். நான்குவழிச் சாலை வந்தது நல்லது. அதை நான் குறைசொல்லவில்லை. அந்தச் சாலை இல்லாவிட்டால் அம்மாவைக் காசிக்குக் கூட்டிப்போயிருக்க முடியாது. ஆனால் சாலை மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை நாம் என்ன செய்கிறோம்? விடுமுறையின் கடைசி மணிவரை ஊர் சுற்றிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவந்து, தூக்கக் கலக்கத்தோடு காலையில் வேலைக்குப் போகிறோம். படங்கள் செல்போனில் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரருக்கு நாம் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. பயணத்துக்கு நாள் குறிக்கும்போது, திரும்பி வந்து சும்மா இருப்பதற்கும் ஒரு முழு நாளைக் குறித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். துணி துவைக்க, சாமானைக் கழுவ, செடிக்குத் தண்ணீர் ஊற்றிய எதிர்வீட்டு அக்காவிடம் உட்கார்ந்து பேச, கூட வந்தவர்களோடு இன்னும் ஒரு வேளை ஒன்றாகச் சாப்பிட.

நாங்கள் எங்கள் தவறைத் திருத்திக்கொண்டோம். அடுத்த வாரக் கடைசியில் அக்காவும் தம்பியும் குடும்பத்தோடு மறுபடி வந்தார்கள். சனிக்கிழமை எல்லோருமாக ராமேசுவரம் போய் கங்கை நீரை ஒப்படைத்தோம். திரும்பும்போது மதுரை தாண்டியதும் யாரையும் தூங்கவிடவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் முதலில் வலப்பக்கம் சிறுமலை நீளமாக வந்தது. பிறகு மலைக்கோட்டை. 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை கட்டத் தொடங்கிய அந்தப் பாறை, தூரத்திலிருந்து பார்த்தால் சாய்ந்துகொள்ளப் போட்ட திண்டு போலவே இருக்கிறது. ஊரின் பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். களைத்துத் திரும்புகிறவனுக்காகத் திண்டு போட்டு வைத்திருக்கும் ஊர் இது என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கங்கைப் பூசை. தெருவே வந்தது. எல்லோர் கையிலும் அம்மா காசிக் கயிறு கட்டிவிட்டார். நிலக்கோட்டை மல்லிகை வீடெல்லாம் மணத்தது. தரையில் இலை போட்டு உட்கார்ந்தோம். சாம்பார், பொரியல், பாயசம் எல்லாம் வந்தபின் அம்மா ஒரு தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வந்தார். சிறுமலை வாழைப்பழம். மலைத் தோட்டங்களிலிருந்து குதிரை முதுகில் இறங்கி, திண்டுக்கல் சந்தைக்கு வரும் பழம். தோல் தடித்தது, உள்ளே தேன். அப்பா உயிரோடு இருந்தவரை, வேலை முடிந்து வரும்போது அம்மாவுக்கென்று ஒரு சீப்பு வாங்கிக்கொண்டுதான் வருவார்.

கயாவில் அப்பாவுக்குப் பிண்டம் வைத்த அன்று, அட்சயவடத்தின் கீழ் ஆளுக்கொரு பழத்தை இனிச் சாப்பிடுவதில்லை என்று விட்டுவிடச் சொன்னார்கள். நான் சாப்பிடவே சாப்பிடாத ஒரு பழத்தின் பெயரைச் சொன்னேன். அம்மா என்ன சொன்னார் என்று நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

தாம்பாளம் வரிசையாக நகர்ந்தது. ஒவ்வோர் இலையிலும் ஒரு பழம் வைத்தார். கடைசியில் தன் இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, தாம்பாளத்தில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து, தோலை உரித்து, பக்கத்தில் இருந்த என் மகளின் இலையில் வைத்தார்.

“உங்க தாத்தாவுக்குப் பிடிக்கும். சாப்புடு தாயி.”

அம்மாவின் இலையில் பழம் இல்லை. அந்த நிமிடத்தில்தான் எங்கள் காசிப் பயணம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.