படத்தில் நிற்கிற நாயும் கோப்பையில் தின்கிற நாயும்

இப்ப எங்கட ஊரில் நாய்க்கும் படம் கீறுவிக்கினம். கனடாவில் இருக்கிற மகன், அளவெட்டி வளவில் அம்மாவுக்குத் துணையாக நிற்கிற நாயின் போன் படத்தை அனுப்பி, "இதைக் கீறிச் சட்டம் போட்டு வீட்டில குடுங்கோ" எண்டு கேட்கிறார். லண்டனில் பிறந்த தங்கச்சி ஒருத்தி தன் லாப்ரடோரைப் பட்டுச் சால்வையோடு கீறச் சொல்கிறாள். கலைப்பீடத்தில் படித்துக்கொண்டு பென்சிலாலும் போனாலும் இந்த வேலையைச் செய்து பஸ் காசும் போட்டோக்கொப்பிக் காசும் தேடுகிற சிலர் நாங்கள். ஆகவே நாய்ப்படத்துக்கு எதிராக எழுத வரவில்லை. நாங்கள் சொல்ல வருவது வேறு. நாயின் முகத்தைச் சுவரில் மாட்ட ஆசைப்படுகிற வீடு, அந்த நாயின் கோப்பையையும் ஒருக்கால் குனிந்து பார்க்கவேணும்.

நாயைப் படமாக்குவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆடம்பரம் எண்டு சிலர் சொல்லுவினம். விக்டோரியா மகாராணியின் 'டாஷ்' என்ற நாயைக் கீறிய எட்வின் லாண்ட்சீர் போன்ற ஓவியர்கள் அந்த எண்ணத்துக்கு ஒரு காரணம். ஆனால் தமிழில் இது அதைவிட மிகப் பழையது. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்ட கல் அது. அதில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் எண்டும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 வருசத்துக்கு முந்திய நாய் ஒன்றின் பெயர் இன்னும் எங்களிடம் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. எங்கட ஒழுங்கைகளில் எத்தனை வைரவர் கோயில்? வைரவரோடு நாயும் நிற்கும். வடைமாலை சாத்தும்போது கும்பிடுகிற கை அந்த நாயையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறது. கோயில் படலைக்கு வெளியே சுருண்டு படுத்திருக்கிற நாய்க்கு மட்டும் கல்லெறி.

இங்கேதான் எங்களுக்கு முதல் கேள்வி வருகிறது: எந்த நாயைக் கீறச் சொல்லிக் கேட்கிறார்கள்? பெரும்பாலும் பொமரேனியன், ஜேர்மன் ஷெப்பேர்ட், ரொட்வைலர். ஊர்நாயைக் கீறக் கேட்கிறவர்கள் குறைவு. ஊர்நாய்க்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே ஒரு சாதியின் பெயரிலிருந்து எடுத்தது. எங்கட வாயிலும் அந்தச் சாதிப்பெயரை நாயோடு ஒட்டித் திட்டுகிற வழக்கம் இன்னும் சாகவில்லை. மனிசரை இழிவுபடுத்த நாயையும், நாயை இழிவுபடுத்த மனிசரையும் பயன்படுத்திய மொழி இது. ஆகவே ஊர்நாய் ஒன்றை அதன் பெயரோடு கீறி மாட்டுவது சின்ன வேலை எண்டு நாங்கள் நினைக்கவில்லை.

சரி, கோப்பைக்கு வருவம்.

ஒரு நாயை ஒழுங்காகக் கீறவேணும் எண்டால் முகம் மட்டும் போதாது. விலா எங்கே தொடங்குது, இடுப்பு எங்கே ஒடுங்குது, முதுகெலும்பு தெரியுதா, வயிறு தொங்குதா எண்டு பார்க்கவேணும். மிருக வைத்தியர் பார்ப்பதும் இதையேதான். உடல்நிலைக்கு அவர்கள் 1 தொடக்கம் 9 வரை புள்ளி போடுவார்கள். 4, 5 தான் நல்ல நிலை. கையால் தடவினால் விலா தட்டுப்படவேணும், ஆனால் துருத்தி நிற்கக்கூடாது. மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு தெரியவேணும். எங்களிடம் வருகிற படங்களில் இரண்டு அந்தமும் இருக்கு: வெளிநாட்டில் பிஸ்கற் தின்று உருண்டு போன நாய், இங்கே விலா எண்ணக்கூடிய நாய். "கொஞ்சம் கொழுகொழு எண்டு கீறுங்கோ" எண்டு கேட்பவர்களும் உண்டு. ஆனால் கொழுப்பு நாய்க்கு அழகில்லை. 48 லாப்ரடோர்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கால்வாசி குறைவாகத் தின்ற நாய்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ 2 வருசம் கூட வாழ்ந்தன.

எங்கட கோப்பைகளின் பிரச்சினை அளவு மட்டும் இல்லை. நாய்க்கெண்டு தனியாக ஒன்றும் எடுத்து வைப்பதில்லை, மிஞ்சினதுதான் நாய்க்கு. யாழ்ப்பாணத்து மிச்சம் எண்டால் தெரியும்தானே: உறைப்புக் கறித்தூள், உப்பு, வெங்காயம், உள்ளி போட்ட குழம்பு பிசைந்த சோறு. தூள் குடலை எரிக்கும், வயித்தாலை போகும். அது வெளியே தெரியும். வெங்காயம் செய்வது வெளியே தெரியாது. வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கும். அவித்தாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 தொடக்கம் 30 கிராம் வெங்காயம் போனாலே இரத்தத்தில் பாதிப்புத் தெரியும். 10 கிலோ நாய்க்கு அது 150 கிராம். ஒரேயடியாக அவ்வளவு போகாவிட்டாலும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் கூடாது. அடுத்தது முந்திரிகைப்பழம். சில நாய்களுக்குச் சில பழங்களே சிறுநீரகத்தைப் பழுதாக்கப் போதும். வெங்காயமும் முந்திரிகையும் எங்கட செம்மண்ணின் பெருமை. இரண்டும் நாய்க்கு நஞ்சு எண்ட செய்தி மட்டும் தோட்டத்திலிருந்து வீட்டு முற்றத்துக்கு வரவேயில்லை. அவித்த கோழி எலும்பும் அப்படித்தான். கூராக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும்.

"அப்ப என்ன, பை உணவு வாங்கிப் போடுறதோ?" எண்டு கேட்பீர்கள். வசதி இருந்தால் போடலாம். ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரைக்கும் ஏறினபோது, இறக்குமதிச் சாமானை நம்பின வீடுகள் பட்ட பாடு தெரியும். நல்ல சாப்பாடு எண்டால் வெளிநாட்டுப் பை எண்டு நம்புவதும், நல்ல நாய் எண்டால் வெளிநாட்டு இனம் எண்டு நம்புவதும் ஒரே நோய்தான். சோறு நாய்க்கு எதிரி இல்லை. மாப்பொருளைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயில் பல மடங்கு கூட எண்டு 2013இல் கண்டுபிடித்தார்கள். மனிசரின் அடுப்படியில் வளர்ந்ததால் வந்த மாற்றம் அது. பிழை எங்கே எண்டால், சோறு மட்டும் போடுவதில். புரதமும் கல்சியமும் இல்லாமல் வளர்கிற குட்டியின் எலும்பு பலவீனப்பட்டு வளையும்.

ஆகவே மாற்றவேண்டியது சின்ன விசயம்: கறிக்குத் தூள் போடமுதல் நாயின் பங்கை எடுத்து வைப்பது. உப்பும் வெங்காயமும் இல்லாமல் அவித்த சூடை மீனைப் பெரிய முள்ளு எடுத்துப் போடலாம். கோழி ஈரல் கொஞ்சம், முட்டை, பூசணி, கரட், போஞ்சி போடலாம். கோப்பைக்குப் பக்கத்தில் எப்பவும் தண்ணி இருக்கவேணும். குட்டிக்கும் சினை நாய்க்கும் வருத்தக்கார நாய்க்கும் மிருக வைத்தியரைக் கேட்டுப் போடுவதுதான் சரி.

"மனிசருக்கே ஒழுங்கான சாப்பாடு இல்லை, நாய்க்கு என்ன?" எண்டது நியாயமான கேள்வி. நாங்களும் அப்படியான வீடுகளிலிருந்துதான் வருகிறோம். ஆனால் மேலே சொன்னதில் பாதி, ஒன்றையும் வாங்கச் சொல்லவில்லை. சிலதைப் போடாதேயுங்கோ எண்டுதான் சொல்லுது. இன்னொன்று, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பி நடந்தபோது கட்டவிழ்த்து விட்டுவந்த நாயைப் பற்றி இந்த ஊரில் ஒரு அம்மாவோ அம்மம்மாவோ இப்பவும் கதைப்பா. அவ்வளவு இழந்தவர்களுக்கே அந்த நாய் மறக்கவில்லை எண்டால், நாய் எங்களுக்குக் கணக்கில் இல்லை எண்டு எப்படிச் சொல்வது? புள்ளியளவான பூச்சி ஒன்றின் சாவுக்கு இரங்கிக் கவிதை எழுதிய மகாகவி உருத்திரமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான்.

இனிமேல் படம் கேட்டு வருகிறவர்களிடம் இரண்டு விசயம் கேட்பதாக முடிவெடுத்திருக்கிறோம்: நாயின் பெயர் என்ன? நேற்று அது என்ன தின்றது? முதல் கேள்விக்கு எல்லாரும் உடனே பதில் சொல்லுவினம். இரண்டாவதுக்குப் பதில் தெரியாவிட்டால் குசினிக்குப் போய் ஒருக்கால் கேட்டுவிட்டு வாருங்கோ. அதுவரைக்கும் பென்சில் சீவிக்கொண்டு இருப்பம்.