ஒரு முகம்கூடத் தெரியாத எட்டு கேமராக்கள்

“நான்கு கேமரா போதும் என்பவர்கள் கஞ்சர்கள். எட்டு போடுங்கள், எல்லாமே 8 மெகாபிக்சலில் போடுங்கள், திருடன் கைக்கு எட்டாத உயரத்தில் போடுங்கள்.” சென்ற இதழில் வீட்டுப் பாதுகாப்பு பற்றி எழுதியவர் தந்த அறிவுரை இது. திருச்சியில் பத்தொன்பது வருடமாக ஏணி சுமந்து இதே வேலையைச் செய்கிறவன் நான். இந்த மூன்று யோசனைகளும் தவறு. மூன்றையும் நம்பிப் பணம் கட்டியவர்கள் திருட்டுப் போன மறுநாள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

போன ஐப்பசியில் வயலூர் சாலைப் பக்கம் ஒரு வீடு. ஓய்வு பெற்ற ஆசிரியை, தனியாக இருப்பவர். மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்துவிட்டார்கள். வேறொருவர் பொருத்திக் கொடுத்த ஆறு கேமராக்கள் இருந்தன. காவலர் ஒருவர் பக்கத்தில் நிற்க, பதிவை ஓட்டிப் பார்த்தோம். வாசல் கேமரா பதினாறு அடி உயரத்தில், மாடி சன்ஷேடை ஒட்டி இருந்தது. திரையில் தெரிந்தது ஒரு தொப்பியின் வட்டம், இரண்டு தோள், ஒரு பை. கொல்லைப்புறக் கேமராவில் அதுவும் இல்லை. லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை கட்டியிருந்தது. கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் அந்த இழைகளில் பட்டுத் திரும்பியதில் ராத்திரி முழுக்க வெள்ளைப் புகைதான். மூலையில் தேதி 01-01-2000 என்று நின்றது. பதிவுப் பெட்டியான டிவிஆருக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி செத்து, கரண்ட் போய் வந்தபோது கடிகாரம் பழைய கணக்குக்குப் போயிருந்தது. “இதை வச்சு என்னம்மா பண்றது?” என்றார் காவலர். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. அவர் செலவு செய்தது 42,000 ரூபாய்.

கட்டுரையாளர் சொல்லும் உயரத்தில்தான் அந்தக் கேமரா இருந்தது. எட்டு, ஒன்பது அடியில் இருந்திருந்தால் தொப்பிக்குக் கீழே இருந்த முகம் விழுந்திருக்கும். திருடன் கேமராவை உடைத்துவிடுவானே என்கிறார். உடைக்கட்டும். உடைக்க வருகிறவன் அதை நிமிர்ந்து பார்த்தாக வேண்டும்; கை ஓங்குவதற்கு முன்பே அவன் முகம் பதிவாகிவிடும்.

மெகாபிக்சல் கணக்கை அவர் போட்டே பார்க்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காட்ட, அவர் நிற்கும் இடத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது ஐஈசி 62676-4 என்ற சர்வதேசத் தரக்குறிப்பின் 2014 பதிப்பு. கடையில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது 2.8 எம்எம் லென்ஸ். அது நூறு டிகிரிக்கு மேல் விரித்துப் பார்க்கும். கேட் 8 மீட்டர் தள்ளி இருந்தால் அங்கே அதன் பார்வை அகலம் சுமார் 20 மீட்டர். 2 மெகாபிக்சல் கேமராவின் 1920 பிக்சலை அந்த 20 மீட்டருக்குப் பங்கு போட்டால் மீட்டருக்கு 96தான் வரும். அவர் சொல்கிற 8 மெகாபிக்சலுக்கு மாறி 3840-ஐப் பங்கு போட்டாலும் 192. அதே பழைய 2 மெகாபிக்சல் கேமராவில் 6 எம்எம் லென்ஸ் இருந்தால் கேட்டருகே ஏழரை மீட்டர் அகலம்தான் தெரியும். மீட்டருக்கு 256 பிக்சல் கிடைத்துவிடும். விலை உயர்ந்த கேமரா தோற்ற இடத்தில் மலிவான கேமரா ஜெயிக்கிறது. ராத்திரியில் 8 மெகாபிக்சல் இன்னும் மோசம். ஒரே அளவு சென்சாரில் பிக்சலைக் கூட்டக் கூட்ட ஒவ்வொன்றுக்கும் விழும் வெளிச்சம் குறையும். போர்ட்டிகோவில் ஒரு எல்இடி பல்பை விடியும்வரை எரியவிடுவது மெகாபிக்சலைக் கூட்டுவதைவிட எத்தனையோ மேல்.

“ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் தாராளம்” என்றும் எழுதியிருக்கிறார். ஒரு கேமராவுக்கு வினாடிக்கு 4 மெகாபிட் என்று சிக்கனமாக வைத்தாலே ஒரு நாளைக்கு 43 ஜிபி ஆகும். எட்டுக்கும் சேர்த்து 345 ஜிபி. மூன்று நாள் முடிவதற்குள் டிஸ்க் நிறைந்து, பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போய் வரும் குடும்பத்துக்கு, முதல் ராத்திரி வந்து போன திருடன் பதிவிலேயே இருக்கமாட்டான். டிவிஆரை ஹாலில் டிவிக்குக் கீழே வைக்கச் சொல்லும் யோசனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நகையோடு அதையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

கடவுச்சொல் விஷயத்தில் அவர் எழுதியிருப்பது பொறுப்பின்மை. “கம்பெனி கொடுத்ததையே வைத்துக்கொள்ளலாம், நம் வீட்டை எவன் பார்க்கப் போகிறான்” என்கிறார். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் வீட்டுக் கேமராக்களுக்குள்ளும் டிவிஆர்களுக்குள்ளும் நுழைந்தது. கம்பெனி வைத்து அனுப்பிய அறுபது சொச்சம் கடவுச்சொற்களின் பட்டியல்தான் அதன் கையில் இருந்த சாவி. அந்தக் கருவிகளைப் படையாகத் திரட்டி அதே வருடம் அக்டோபர் 21 அன்று இணைய முகவரிச் சேவை தரும் டைன் என்ற நிறுவனத்தின் மீது ஏவியதில், அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் மணிக்கணக்கில் தடுமாறின. யாரும் தங்கள் வீட்டைக் குறிவைத்துப் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தவர்களின் கேமராக்கள்தான் அவை. நான் ஒரு வீட்டில் வேலை முடித்தால் வீட்டுக்காரரையே உட்கார வைத்து, நான் திரும்பி நின்றுகொண்டு, புதுக் கடவுச்சொல்லை அவர் கையால் போடச் சொல்வேன். எனக்கே தெரியக் கூடாது.

கடைசியாக, என்னால் பொறுக்கவே முடியாத பத்தி. வேலைக்கு வரும் பெண்களைக் கண்காணிக்கச் சமையலறையிலும் படுக்கையறையிலும் கேமரா வேண்டுமாம். “மறைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு என்ன பயம்” என்று கேட்கிறார். ஒரு வீட்டில் அடுப்புக்கு மேலே வைத்திருந்த கேமராவைச் சரிபார்க்கப் போயிருந்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா தண்ணீர் எடுக்கத் திரும்பும்போதெல்லாம், ஈரக் கையோடு முந்தானையை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார். நான் இருந்த இருபது நிமிடமும் அப்படித்தான். அவர் எதைத் திருடி மறைத்தார்? வெயில் காலத்தில் அடுப்படியில் மூச்சுவிட்டு வேலை செய்யும் உரிமையை அந்தக் கேமரா அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அந்தப் படம் யார் யார் கைக்குப் போகும் என்பது வீட்டுக்காரருக்கும் தெரியாது. ரிங் கேமரா நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், பெண்கள் தங்கள் படுக்கையறையிலும் குளியலறையிலும் வைத்திருந்த கேமராக்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளை மாதக்கணக்கில் பார்த்து வந்தார் என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2023-இல் குற்றம்சாட்டியது. 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டுதான் அந்த நிறுவனம் வழக்கை முடித்தது.

ஒரு சாதாரண வீட்டுக்குக் கேட், முன்கதவு, கொல்லைக் கதவு, மாடிப்படி என நான்கு போதும். நான்கும் வெளியே. டிவிஆர் பூட்டிய அலமாரிக்குள், அதுவும் ரூட்டரும் இன்வெர்ட்டர் லைனில். மாதம் ஒருமுறை ஒட்டடைக்கோல், தேதியும் மணியும் சரிதானா என்று ஒரு பார்வை. கட்டுரையாளர் உயரம், டிஸ்க் பற்றிய தவறுகளை எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளட்டும். சமையலறை, படுக்கையறை பற்றி எழுதிய அந்தப் பத்தியை அடுத்த இதழிலேயே, தன் பெயரைப் போட்டு, அவர் திரும்பப் பெற வேண்டும்.