உண்ணப்படாத வீடு

சென்ற மார்கழியில் ஓர் அந்திப்பொழுதில், உதகையின் பழைய விடுதி ஒன்றில் கிறிஸ்துமசுக்காக வைத்திருந்த இஞ்சி ரொட்டி வீட்டைக் காணச் சென்றோம். கணப்பின் அருகே ஆளுயரத்தில், பழுப்புச் சுவர்களும் சர்க்கரைப் பனி படிந்த கூரையுமாக அது நின்றது. இஞ்சியும் பட்டையும் கிராம்பும் கூடமெங்கும் மணத்தன. வீட்டைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இப்பால் நின்ற சிறுமி ஒருத்தி, “இதை எப்பப்பா சாப்பிடுவாங்க?” என்று தந்தையிடம் கேட்டாள். “சாப்பிட மாட்டாங்கம்மா, பார்க்கத்தான்” என்றார் அவர்.

சிறுமியின் கேள்வியே சரியான கேள்வி என்பது எங்கள் கட்சி.

கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட தொகுப்பில் ஹான்செல், கிரேட்டல் என்னும் இரு பிள்ளைகளின் கதை இருக்கிறது. அன்றாட ரொட்டிக்கே வழியற்றுப்போன விறகுவெட்டியின் குடும்பம், பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடுகிறது. பசியோடு அலையும் அவர்கள் ஒரு வீட்டைக் காண்கிறார்கள். சுவர் ரொட்டி, கூரை கேக், சன்னல் சர்க்கரை. கூரையைப் பிய்த்துத் தின்கிறார்கள். அந்தக் கதையில் இஞ்சி கிடையாது, வெறும் ரொட்டிதான். செருமானியரின் பண்டிகை ரொட்டியால் வீடு கட்டும் வழக்கம் வந்தபோது இஞ்சியும் நறுமணப் பொருள்களும் சேர்ந்துகொண்டன. வயிறு காய்ந்த குழந்தை கண்ட கனவுதான் இந்த வீடு. சூனியக்காரி பிறகு வருகிறாள். முதலில் வருவது பசி.

இஞ்சியோ நம்முடையது. ‘ஜிஞ்சர்’ என்னும் ஆங்கிலச் சொல்லை இலத்தீன், கிரேக்கம், பிராகிருதம் என்று பின்தொடர்ந்து போனால், ‘இஞ்சிவேர்’ என்னும் தென்னாட்டு வழக்கில் போய் நிற்கும் என்பர் மொழியறிஞர். கூடலூர், பந்தலூர்ச் சரிவுகளில் இன்றும் இஞ்சி விளைகிறது. கடல் கடந்து போய், ரொட்டியாகி, வீடாகி, அது இந்த மலைக்கே விருந்தாளியாகத் திரும்பியிருக்கிறது. அந்த விருந்தாளியைத்தான் கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறோம்.

இந்த மலையில் வீடு என்பது எளிய சொல் அன்று. 1822-இல் ஜான் சல்லிவன் கட்டத் தொடங்கிய கல் பங்களா, தோடர்களின் நிலத்தில் எழுந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையிலிருந்து 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுள் பலர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை தரவென்றே தமிழ்நாடு அரசு 1968-இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. தோட்டத்து லயன் வீடுகளில் அவர்கள் குடியிருந்தார்கள். வேலை உள்ளவரைதான் அந்த வீடு. அக்கரையில் பிறந்து, இக்கரையில் கொழுந்து கிள்ளிய ஒரு தாய்க்கு, காட்டில் விடப்பட்ட பிள்ளைகளின் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்களுடன் வந்த நண்பர் ஒருவர் இதை ஒப்பவில்லை. “அழகுக்குச் செய்ததை அழகாகவே விட்டால் என்ன? நவராத்திரிக் கொலுவை யாராவது தின்கிறார்களா?” என்றார். நியாயமான கேள்வி. ஆனால் கொலு வைத்த வீட்டில், வந்தவரைச் சுண்டல் கொடுக்காமல் அனுப்புவதில்லையே! வாரக்கணக்கில் தூசி படிந்த ரொட்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்றார் இன்னொருவர். கூடாதுதான்.

அதற்கும் வழி உண்டு. நோர்வே நாட்டுப் பெர்கன் நகரில் 1991-இல் தொடங்கிய வழக்கம் ஒன்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் ஊர்மக்களும் வீடுவீடாகச் சுட்டுக் கொண்டுவந்து சேர்க்க, இஞ்சி ரொட்டியாலேயே ஒரு நகரம் எழுகிறது. அங்கே பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பவர்கள் மட்டும் அல்லர், கட்டுபவர்களும் அவர்களே.

விடுதிக்காரர்களிடம் நாங்கள் வேண்டுவது பெரிதன்று. பெரிய வீடு கயிற்றுக்குள்ளேயே இருக்கட்டும். அதே மாவில் உள்ளங்கை அளவு வீடுகள் சில நூறு சுடுங்கள். சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகளை ஒரு நாள் மாலை, பின்கட்டுக்கு அல்ல, கணப்பு எரியும் அதே கூடத்துக்கு விருந்தினராக அழையுங்கள். சர்க்கரைப் பனியை அவர்களே பூசட்டும். முதலில் கடிக்க வேண்டியது கூரையையா, சன்னலையா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.