மண்குளவிக் கூட்டை இடிக்காதீர்கள்

நாவிதன்வெளியில் அறுவடை முடிந்து வீடு வாசலைத் துப்புரவாக்கும்போது முதலில் அடி வாங்குவது மண்குளவிக் கூடுதான். யன்னல் நிலையிலோ கூரை வளையிலோ மண் உருண்டையைக் கண்டால் தும்புத்தடியால் இடித்து விழுத்துகிறோம். சிலர் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள், இன்றும் வயல் செய்பவள் என்ற உரிமையோடு சொல்கிறேன்: இந்தப் பழக்கம் தேவையில்லாதது.

பயத்துக்குக் காரணம் உண்டு. மலையகத்தில் கொழுந்து பறிப்போர் குளவிக் கொட்டுக்கு இலக்காகி இறந்த செய்திகளைப் படித்திருக்கிறோம். ஆனால் அவை கூட்டமாக வாழும் குளவிகள். கூடு கலைந்தால் திரண்டு வந்து கொட்டும். மண்குளவி தனித்து வாழ்வது. கையால் பிடித்தாலோ, உடையோடு சேர்த்து நசுக்கினாலோதான் கொட்டும்.

அதன் கொடுக்கு சிலந்தி வேட்டைக்கானது. கொடுக்கு, முட்டையிடும் உறுப்பிலிருந்து உருவானதால் பெண்ணுக்கு மட்டுமே உண்டு. கிணற்றடியிலும் வரம்பிலும் ஈரமண் எடுத்து அறை கட்டும். சிலந்தியைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, உயிரோடு அந்த அறையில் அடைக்கும். உயிர் இருப்பதால் இரை அழுகாது. அதன்மேல் முட்டையிட்டு வாயை மண்ணால் மூடிவிடும். வெளிவரும் புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளரும்.

ஜஸ்டின் ஷ்மிட் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர், தன்னைக் கொட்டிய பூச்சிகளின் வலியை 1 முதல் 4 வரை தரப்படுத்தினார். தேனீக்கு 2. பெரிய தரந்துலாச் சிலந்திகளைப் பிடிக்கும் அமெரிக்கக் குளவிக்கு 4. அலறித் துடிக்க வைக்கும் அந்த வலிகூடச் சில நிமிடங்களில் அடங்கிவிடும். மண்குளவிக்கு அவர் கொடுத்தது வெறும் 1.

வலி வேறு, ஆபத்து வேறு. தேனீயோ குளவியோ எது கொட்டினாலும், ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டு உயிராபத்தாகலாம். மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம், உடல் முழுவதும் தடிப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் சுண்ணாம்பு தடவிக் காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அந்த நேரத்தில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி.

“சிலந்தி வயலுக்கு நன்மை செய்கிறதே, அதைப் பிடிக்கும் குளவி பகைதானே?” என்று விவசாயிகள் கேட்பதுண்டு. நெல்லைக் கருக்கும் கபிலத் தத்தியைச் சிலந்தி தின்பது உண்மை. ஆனால் குளவி எடுப்பது தன் குஞ்சுக்கு வேண்டிய அளவுதான். வயலில் சிலந்தியை அடியோடு அழிப்பது நாம் தேவையறியாமல் அடிக்கும் கிருமிநாசினி. சிலந்தி செத்த வயலில் தத்தி முன்னையிலும் பெருகும். சிலந்தியைக் காக்க நினைப்பவர் முதலில் கிருமிநாசினியைக் குறைக்கட்டும்.

மண்கூட்டில் துளை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது. அப்போது சுரண்டி எடுத்துவிடலாம். அதுவரை சில வாரங்கள் பொறுங்கள். மரத்திலோ கூரையிலோ கூட்டமாக வாழும் குளவி கூடு கட்டியிருந்தால் கல்லெறியவும் வேண்டாம், தீ வைக்கவும் வேண்டாம். பிள்ளைகளை விலக்கிவிட்டுக் கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். இரண்டையும் பிரித்தறியப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே காட்டிக் கொடுங்கள்.